பிசி முதல் வினாடி வினா வரை

விடை சொன்னவரைப் பாராட்டும் நாம், வினா அமைத்தவரை நினைப்பதில்லை. ஆனால் வினாடி வினாவில் முதலில் சோதிக்கப்படுபவர் வினா அமைப்பவரே. இதனை நாங்கள் சற்றுத் தாமதமாகவே உணர்ந்தோம்.

தமிழில் இக்கலையின் வேர் மிகப் பழமையானது. தொல்காப்பியர் செய்யுளியலில் 'பிசி' என்னும் வகையைக் குறிப்பிட்டு, அதனை இரண்டாகப் பகுக்கிறார். உவமையோடு பொருந்தி வருவது ஒன்று. ஒன்றைச் சொல்ல அதனால் மற்றொன்று தோன்றுவது பிறிதொன்று. தென்மாவட்டங்களில் 'அழிப்பாங்கதை' என்று பாட்டிமார் சொல்லும் விடுகதையும் இம்மரபினதே. இவற்றிலெல்லாம் எழுதாத அறம் ஒன்று உண்டு. விடைக்குரிய குறிப்பு வினாவுக்குள்ளேயே இருத்தல் வேண்டும். விடையைக் கேட்டதும் தோற்றவனும் 'ஆம், இதுவே' என்று ஒப்ப வேண்டும்.

இன்றைய மேடைப் போட்டி வேறு வழியில் வந்தது. 1967இல் கல்கத்தாவில் ஒரு தேவாலய மண்டபத்தில் நீல் ஓ'பிரையன் நடத்தியதே இந்தியாவின் முதல் பொது வினாடி வினாவாகக் கருதப்படுகிறது. 1972இல் போர்ன்விட்டா வினாடி வினா வானொலிக்கு வந்தது. 1985இல் சித்தார்த்த பாசு தூர்தர்ஷனில் 'குவிஸ் டைம்' நடத்தினார். 2000இல் 'கோன் பனேகா குரோர்பதி' தொடங்கியது; தமிழில் சரத்குமாரின் 'கோடீஸ்வரன்' வந்தது. நான்கு விடைகளுள் ஒன்றைத் தேர்வது வீட்டுக்கு வீடு விளையாட்டாயிற்று. பரிசுத்தொகை வளர்ந்த அளவுக்கு வினாவின் நயம் வளரவில்லை என்பதே எங்கள் எண்ணம்.

2020இல் ஊரடங்கின்போது, குலசேகரத்திலிருந்து மாணவர்களுக்காக இணையவழி வினாடி வினா ஒன்றை நடத்தினோம். முதல் நாளே தோற்றோம். மாத்தூர் தொட்டிப்பாலம் எந்த ஆண்டு கட்டப்பட்டது என்று கேட்டோம். 1966 என்ற விடை சில நொடிகளில் எல்லோரிடமிருந்தும் வந்தது. அறிந்தவர் யார், கைப்பேசியில் தேடியவர் யார் என்று பிரித்தறிய இயலவில்லை.

மறுநாள் வினாக்களை மாற்றினோம். 'ஆறு கீழே ஓடுகிறது; அதற்கு மேல் நூறடிக்கும் அதிகமான உயரத்தில் இன்னொரு நீர் நடந்து போகிறது. எங்கே?' பறளியாற்றங்கரையில் நின்று அண்ணாந்து பார்த்த பிள்ளை உடனே சொல்லிவிடும். மற்றவர், எந்தச் சொல்லை இட்டுத் தேடுவது என்றாவது சிந்திக்க வேண்டும். இது பழைய பிசியே அன்றி வேறன்று.

ஆயினும் பெரிய பாடம் இறுதி நாளில் காத்திருந்தது. '1956 நவம்பர் 1 அன்று நம் பகுதி எந்த மாநிலத்தோடு இணைந்தது?' என்று கேட்டிருந்தோம். 'தமிழ்நாடு' என்பது நாங்கள் குறித்து வைத்த விடை. ஒரு மாணவி 'சென்னை மாநிலம்' என்று எழுதியிருந்தார். தவறு என்று மதிப்பெண் மறுத்தோம். முடிவு அறிவித்தபின் அவர் பணிவாகக் கேட்டார்: "ஐயா, அன்று தமிழ்நாடு என்ற பெயரில் மாநிலம் இருந்ததா?"

இல்லை. சட்டமன்றத் தீர்மானம் 1967 சூலை 18இல் நிறைவேறியது. பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 சனவரி 14இல்தான். முதலிடம் கைமாறியது. முன்னர் வென்ற மாணவரிடம் நாங்களே பேசி மன்னிப்புக் கேட்டோம்.

அத்துடன் முடிந்ததா? 1954 ஆகஸ்ட் 11இல் இணைப்புக்காகப் போராடியோர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த மண் இது. மார்ஷல் நேசமணி வழிநடத்திய இயக்கத்தின் பெயரே 'திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ்'. அரசு ஏட்டில் ஏறுமுன்பே அப்பெயர் மக்கள் நாவில் இருந்தது. எனவே எங்கள் விடை உணர்வால் பொருந்தியது. மாணவியின் விடை சட்டத்தால் சரியானது. குற்றம் எங்கள் வினாவிலேயே இருந்தது. 'அன்று அம்மாநிலத்தின் அலுவல் பெயர் யாது?' என்று கேட்டிருந்தால் இவ்வரலாறு முழுவதையும் அந்த ஒரு வினாவே சொல்லிக் கொடுத்திருக்கும்.

அன்றுமுதல் சிலவற்றை விதியாகவே கொண்டுள்ளோம். ஒவ்வொரு வினாவையும் போட்டிக்குத் தொடர்பில்லாத ஒருவரிடம் முன்னதாகக் கேட்டுப் பார்க்கிறோம். மற்றொரு விடைக்கு இடமுண்டா என்று தேடுகிறோம். விடையோடு அதன் காரணத்தையும் சொல்கிறோம். மறுப்புக் கேட்டு முடித்த பின்னரே முடிவை அறிவிக்கிறோம்.

அந்த மாணவி இன்று எங்களுக்கு வினா அமைத்துத் தருகிறார். அவர் வினாக்களுக்கு இதுவரை மறுப்பு வந்ததில்லை.