செருப்பில் இருந்த விஷமும் பாலாற்றில் கலந்த உப்பும்

ஏசி மெஷினுக்குள் ஓடும் வாயுக்களைப் பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். ஓசோனைத் துளைத்த சிஎஃப்சி வாயுவின் உற்பத்தியை இந்தியா 2008 ஆகஸ்டில் நிறுத்தியது. அதற்கு மாற்றாக வந்த எச்எஃப்சி, ஓசோனை விட்டுவிட்டுப் பூமியைச் சூடாக்குகிறது என்று 2016ல் கிகாலி நகரில் இன்னொரு ஒப்பந்தம் போட்டார்கள். அதன்படி இந்தியா 2028ல் உச்சவரம்பு வைத்து, 2047க்குள் 85 சதவீதம் குறைக்க வேண்டும். ஒரு ரசாயனத்தை உலகமே கூடி மெல்ல மெல்ல வெளியேற்றுவது ஏதோ புது விஷயம் மாதிரி தோன்றும். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரர்களுக்கு இது பழைய கதை. முப்பது வருஷத்துக்கு முன்பே அவர்கள் இந்தப் பாடத்தைப் படித்துவிட்டார்கள். பாதிப் பாடம்தான் என்பதுதான் பிரச்சினையே.

முதலில் தொழிலைக் கொஞ்சம் பார்ப்போம். பாலாற்றங்கரையில் தோல் பதனிடுவது பல தலைமுறைத் தொழில். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான் மருந்து. அப்படிப் பதனிட்ட தோலை அரைகுறைப் பொருளாகவே கப்பல் ஏற்றினார்கள். செருப்பாகவும் பையாகவும் மாற்றி லாபம் பார்த்தவன் வெளிநாட்டுக்காரன். 1970களின் தொடக்கத்தில் சீதாராமையா கமிட்டி இதைச் சுட்டிக்காட்ட, அரைகுறைத் தோல் ஏற்றுமதிக்கு அரசு கடிவாளம் போட்டது. முழுசாக முடித்த தோலும் செருப்பும்தான் போக வேண்டும் என்று ஆனது. பொருளாதார ரீதியில் சரியான முடிவு. ஆனால் அதோடு கூடவே குரோமியப் பதனிடுதலும் பெருகியது. பட்டையில் வாரக்கணக்கில் ஊறிய தோல், குரோமிய உப்பில் ஓரிரு நாளில் தயார். வெளிர்நீல நிறத்தில் ஈரமாக இருக்கும், அதனால் பெயரே 'வெட் புளூ'.

இந்த ஈரத் தோலில் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். ஆம்பூர் வெயிலும் கப்பல் பயணமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அதைத் தடுக்க மலிவாகக் கிடைத்த மருந்து பென்டாகுளோரோஃபீனால். சுருக்கமாக பிசிபி.

இதே பிசிபியை ஜெர்மனியில் மரத்துக்கு அடித்தார்கள். 1970களில் வீட்டுக்குள் கூரைக்கும் பலகைக்கும் மரப்பாதுகாப்பு பெயின்ட் பூசிய குடும்பங்கள், உடம்புக்கு முடியவில்லை என்று புகார் சொல்ல ஆரம்பித்தன. விஷயம் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் 1989 டிசம்பரில் மேற்கு ஜெர்மனி பிசிபியை அடியோடு தடை செய்தது. ஒரு கிலோ பொருளில் 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் விற்கக் கூடாது. சட்டம் எழுதியவர்களின் மனதில் இருந்தது மரவீடு. அடி விழுந்தது ஆம்பூர் தோல் ஷாப்பில்!

அப்போது மேற்கு ஜெர்மனி, இந்தியத் தோல் பொருட்களின் மிகப் பெரிய சந்தைகளில் ஒன்று. போதாக்குறைக்கு இன்னொரு பெரிய வாடிக்கையாளரான சோவியத் யூனியன் 1991ல் சிதறிப் போனது. 'உங்களுக்கு வேண்டாமென்றால் வேறு ஆளுக்கு விற்கிறோம்' என்று சொல்ல முடியாத நேரம். பரிசோதனையில் தோற்ற சரக்கு திரும்பி வந்தால், கப்பல் கூலி, வங்கிக் கடன் வட்டி, அடுத்த ஆர்டர் எல்லாம் சேர்ந்து ஏற்றுமதியாளரின் தலையில் விழும். 5 மில்லிகிராம் என்பது ஒரு கிலோவில் இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு. மருந்து போடுவதை நிறுத்தினால் மட்டும் போதாது. வருஷக்கணக்கில் அதையே குடித்து ஊறிய மர டிரம்மிலிருந்தும் அது கசியும். சென்னையில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் மாற்று மருந்துகளைச் சோதித்துச் சொன்னது. அவை விலை அதிகம், ஆனாலும் மாறினார்கள். சில ஆண்டுகளுக்குள் இந்திய அரசும் பிசிபியைத் தடை செய்தது. பிடிவாதக்காரர்கள் என்று பெயர் எடுத்த தொழில், ஒரு அந்நியச் சட்டத்துக்காக இவ்வளவு வேகமாகத் திரும்பியது.

அடுத்தது சாயம். உடலுக்குள் போனால் புற்றுநோய் உண்டாக்கும் அமீன்களாக உடையக்கூடிய அசோ சாயங்களுக்கு 1994ல் ஜெர்மனி தடை விதித்தது. 1997ல் இந்தியா 70 அசோ சாயங்களைத் தடை செய்தது. 2002ல் ஐரோப்பா முழுவதற்கும் விதி வந்தது. இதில் ஒரு கசப்பான விவரம் உண்டு. சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வருகிறது என்று லுட்விக் ரென் என்ற ஃபிராங்க்ஃபர்ட் மருத்துவர் 1895லேயே சொல்லிவிட்டார். சாயம் காய்ச்சுபவனுக்கு ஆபத்து என்று தெரிந்த பிறகு, அதை உடுத்துபவனைக் காப்பாற்றச் சட்டம் வர 99 வருஷம் ஆனது. காய்ச்சியவன் கணக்கில் எங்கே இருந்தான் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பின்னால் 2015 மே முதல், தோலில் ஆறு இணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று ஐரோப்பிய விதி வந்தது. அதையும் சமாளித்தார்கள். கொள்முதல் செய்பவன் எதை எல்லாம் பரிசோதிக்கிறானோ அதெல்லாம் ஆம்பூர்ச் செருப்பிலிருந்து ஒவ்வொன்றாக வெளியேறியது.

பரிசோதிக்காதது? அங்கேதான் பாலாறு வருகிறது.

அறுத்த மாட்டின் தோல் அழுகாமல் இருக்க முதலில் போடுவது சாதாரண உப்பு. தோலின் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. தொழிற்சாலைக்கு வந்ததும் தண்ணீரில் ஊறப்போட்டால் அந்த உப்பெல்லாம் கரைந்து வெளியே போய்விடும். சுண்ணாம்பு, சல்ஃபைடு, மிச்சம் மீதி குரோமியம் பின்னாலேயே போகும். கழிவுநீரின் அழுக்கை பாக்டீரியா தின்னும். குரோமியத்தைக் காரம் சேர்த்து அடியில் படியவைக்கலாம். கரைந்த உப்பை இவை எதுவும் தொடாது. அது கிணற்றுக்குப் போகும், வயலுக்குப் போகும். ஜெர்மன்காரன் காலில் மாட்டும் ஷூவில் அந்த உப்பு இருக்காது. ஆகவே எந்த ஜெர்மன் சட்டமும் அதைப் பற்றிப் பேசவில்லை.

பேசியவர்கள் உள்ளூர்க்காரர்கள். ஏற்றுமதியாளர்கள் பிசிபிக்காக ஓடிக்கொண்டிருந்த அதே 1991ல், வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28ல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது. 'மாசுபடுத்துபவனே செலவை ஏற்க வேண்டும்', 'சேதம் வரும் முன்பே தடுக்க வேண்டும்' என்ற இரண்டு கோட்பாடுகளும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு அது. இன்றைக்கும் சட்டக் கல்லூரிகளில் பாடம். ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர், சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பாழ் என்ற விவரங்கள் எல்லாம் அந்தத் தீர்ப்பில் உண்டு. வட ஆற்காடு உட்பட ஐந்து மாவட்டத் தோல் தொழிற்சாலைகளுக்கும் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தார்கள்.

இழப்பீட்டைக் கணக்கிட ஒரு ஆணையம் அமைந்தது. 2001ல் அது வேலூர் மாவட்டத்தில் 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் தரச் சொன்னது. கோடி என்றதும் பெரிதாகத் தெரிகிறது, வகுத்துப் பாருங்கள். சராசரியாக ஒருவருக்கு 9,200 ரூபாய்கூட இல்லை. ஒரு தலைமுறையின் கிணற்றுக்கும் நிலத்துக்கும் அதுதான் விலை. எந்தக் கணக்குப் பதிவியல் முறையிலும் இதை 'முழுச் செலவு' என்று எழுத முடியாது.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. பிறகு கழிவுநீரே வெளியே விடக் கூடாது என்ற விதியும் வந்தது. சவ்வு வடிகட்டியில் தண்ணீரைப் பிரித்து, மிச்சத்தைக் காய்ச்சி உப்பாக்கி எடுக்கிறார்கள். எடுத்த கலப்பு உப்பை யாரும் வாங்க மாட்டார்கள், மழையில் கரையாமல் கொட்டகையில் குவித்து வைக்க வேண்டியதுதான். 2015 ஜனவரி 31ல் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுச் சேற்றைத் தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து பத்துத் தொழிலாளர்கள் தூக்கத்திலேயே செத்துப் போனார்கள். அதே சிப்காட்டில், தோலுக்குக் குரோமிய உப்பு செய்துகொடுத்த அரசுக் கூட்டு நிறுவனம் ஒன்று 1990களில் மூடப்பட்டது. அது விட்டுப்போன குரோமியக் கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல்.

தோல் தொழிலை மூடிவிட வேண்டும் என்று இதற்கெல்லாம் அர்த்தம் இல்லை. ஆம்பூரிலும் பேர்ணாம்பட்டிலும் ஷூ கம்பெனி பஸ்களில் காலையில் ஏறும் பெண்களின் கூலியில்தான் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிகிறது. ஆனால் 'எங்களால் முடியாது, தொழில் படுத்துவிடும்' என்று உப்பு விஷயத்தில் சொன்ன அதே தொழில், பிசிபியில் முடித்துக் காட்டியது. ஒன்றில் தவறினால் சரக்கு திரும்பி வரும். இன்னொன்றில் தவறினால் வழக்கு வாய்தா வாங்கும்.

1991ல் ஆரம்பித்த அந்த விவகாரம், உச்ச நீதிமன்றத்தில் மறுபடி 2025 ஜனவரி 30ல் தீர்ப்புக்கு வந்தது. நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன். இழப்பீடு கிடைக்காத குடும்பங்களுக்கு ஆறு வாரத்துக்குள் அரசே கொடுத்துவிட்டு, பணத்தை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்றார்கள். கூடவே, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு குழு அமைத்து, வேலூரைச் சுற்றியுள்ள பகுதிகளைத் தணிக்கை செய்ய வேண்டும் என்றும் உத்தரவிட்டார்கள். முதல் மனு போட்டு அப்போது 34 வருஷம் ஆகியிருந்தது.