ஏட்டிலிருந்து திரைக்கு: கண்ணகி கதையின் மாற்றங்கள்

மக்கள் நெஞ்சில் ஊறிய காவியம் ஒன்று திரைப்படமாகும்போது, அது மூலத்தைப் பேணியதா சிதைத்ததா என்ற வாதம் எழுவது இயல்பு. கண்ணகி கதையைப் பொறுத்தவரை, மூலம் எது என்பதே முதல் வினாவாகும். இவ்வினாவை ஆராய்வதற்கு வன்னி நல்லதொரு களமாக அமைகின்றது.

இளங்கோவடிகளின் கண்ணகி, மாநாய்கன் பெற்ற மானிடப் பெண். ஈழத்துக் கதை மரபிலோ அவள் பாண்டியனின் சோலையிலே மாங்கனியாய்த் தோன்றிப் பேழையில் வைத்துக் கடலில் விடப்பட்ட தெய்வக் குழந்தை. அவளது சிலம்பின் பரல் மாணிக்கம் என்று காப்பியம் கூறும். அம்மணி வந்த வழியை அது கூறுவதில்லை. ஈழத்துக் கதை அவ்விடைவெளியைத் தன் கடலாலேயே நிரப்பியது. மீகாமன் கப்பலேறிச் சென்று, வெடியரசனோடு பொருது, நாகமணி கொணர்கிறான். கிழக்கிலே கண்ணகி வழக்குரை என்றும், யாழ்ப்பாணத்திலே கோவலனார் கதை என்றும், வன்னியிலே சிலம்பு கூறல் என்றும் வழங்குவது இக்கதையே.

மாதவியின் மாலையும் இவ்வாறே மாறியது. காப்பியத்தில் 1008 கழஞ்சு பொன் விலையுள்ள மாலையைக் கூனி வீதியில் நின்று விற்கக் கோவலன் தானே விரும்பி வாங்குகிறான். நாட்டார் கதைகளில் மாதவி வீசிய மாலை அவன் கழுத்தில் வந்து விழுகின்றது. தவறு மனிதனிடமிருந்து விதிக்குக் கைமாறிவிடுகிறது.

எனவே, திரைப்படம் முதன்முதலாக மாற்றம் செய்த கலையன்று. 1942இல் ஜுபிடர் நிறுவனம் வெளியிட்ட 'கண்ணகி', மேடை நாடக வழியாக வந்த நாட்டார் கதையின் சாயலைக் கொண்டது. இளங்கோவனின் உரையாடலும் கண்ணாம்பாவின் குரலும் பாண்டியன் அவைக் காட்சியை அதன் உயிராக்கின. 1964இல் ப. நீலகண்டன் இயக்கத்தில் வெளிவந்த 'பூம்புகார்' மு. கருணாநிதியின் திரைக்கதையில் எழுந்தது. திராவிட இயக்கத்தார் சிலம்பைத் தமிழரின் பெருமைச் சின்னமாகப் போற்றிய காலம் அது. அங்கே தெய்வத்தினும் நீதி கேட்கும் தமிழ்ப்பெண்ணே முதன்மை பெற்றாள்.

ஆயினும் திரையின் மாற்றத்திற்கும் ஊரின் மாற்றத்திற்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. திரைக்கதை உச்சத்தை நாடுவது. வழக்குரைத்தலும் மதுரை எரிதலும் அதற்குப் போதுமானவை. இளங்கோவுக்கு அவை போதவில்லை. தீக்குப் பின்னரும் வஞ்சிக் காண்டம் என ஒரு முழுக் காண்டத்தை அவர் பாடினார். சேரன் எடுத்த விழாவிலே இலங்கை மன்னன் கயவாகுவையும் நிறுத்தினார்.

வன்னி மக்களுக்கும் அத்தீ முடிவன்று. மதுரையை எரித்த கண்ணகி ஈழம் வந்து, பல இடங்களில் தங்கி, பத்தாவதாக நந்திக்கடலோரத்து வற்றாப்பளையில் அமர்ந்தாள் என்பது ஐதிகம். மூதாட்டி வடிவில் வந்தவள் மாடு மேய்க்கும் சிறுவரிடம் விளக்கேற்றச் சொன்னாள். எண்ணெய் இல்லையென்றபோது கடல்நீரை வார்க்கச் சொன்னாள். வைகாசிப் பொங்கலில் உப்புநீர் விளக்கு ஏற்றப்படுவது இதன் நினைவாகவே. நகரை எரித்த நெருப்பு இங்கே சிறுவர் கையில் விளக்காகத் தணிகின்றது. சினத்தோடு கதையை முடித்துவிட்டு, அச்சினத்தோடே ஓர் ஊர் வாழ முடியாது என்பதை இம்மரபு அறிந்திருக்கிறது.

இன்னொன்றும் கருதத்தக்கது. முல்லைத்தீவுக் கோவலன் கூத்தை ஆடுவோரும் பார்ப்போரும் ஒரே ஊரவர். ஒவ்வோர் ஆட்டத்திலும் அண்ணாவியார் கதையைச் சுருக்கலாம், நீட்டலாம். திரைப்படமோ ஒருமுறை பதிந்தபின் மாறாது. ஒரு காலத்தின் கண்ணகியை எக்காலத்துக்கும் நிறுத்திவிடுகின்றது.

2009இல் போரின் இறுதி நாட்கள் நந்திக்கடற் கரையிலேயே கழிந்தன. மக்கள் மீண்டபோது வற்றாப்பளைப் பொங்கலும் மீண்டது. இத்தகைய மண்ணிலே, ஒரு படம் இளங்கோவின் சொல்லுக்கு எவ்வளவு உண்மையாய் இருந்தது என்பது மட்டும் அளவுகோலாக முடியாது. தீக்குப் பின் அப்பெண் எங்கே சென்றாள் என்ற வினாவை அது ஏற்றதா, விட்டதா என்பதும் கேட்கப்பட வேண்டும்.