மணல்மேட்டில் வாழ்ந்தவர்கள்

வட குஜராத்தின் மேசாணா மாவட்டத்தில் லாங்நஜ் என்றொரு ஊர். கோடையில் அனல் வீசும். மழை வருஷத்தில் மூன்று மாதம்தான். அந்த ஊரை ஒட்டி நிற்கும் பழைய மணல்மேடு ஒன்றில் 1941-42-ல் புனே டெக்கான் கல்லூரியின் தொல்லியல் அறிஞர் எச்.டி. சங்காலியா நுண்கற்கருவிகளைக் கண்டெடுத்தார். 1944-ல் தொடங்கிய அகழாய்வு, விட்டுவிட்டு 1963 வரை நடந்தது. 'யுகாந்தா' எழுதிய மானுடவியலாளர் ஐராவதி கார்வேயும் இதில் பங்கெடுத்தார்.

நீர் அரிதான இடத்தில் வேட்டைச் சமூகம் எப்படிக் குடியேறியது? விடை மணல்மேடுகளுக்கு இடையிலேயே இருக்கிறது. மழைநீர் அங்குள்ள பள்ளங்களில் வடிந்து, மாதக்கணக்கில் தேங்கி நிற்கும். நீர் நிற்கும் இடத்துக்கு விலங்கு வரும். மேட்டில் இருப்பவன் கால் நனையாமல் இருந்துகொண்டே அதைப் பார்க்கலாம். வேறு போக்கிடம் இல்லாமல் ஒதுங்கிய இடமல்ல இது. பார்த்துத் தேர்ந்த இடம்.

அகழாய்வில் கிடைத்த விலங்கெலும்புகளும் அதையே சொல்கின்றன. நீல்காய், மான்கள், காட்டுப்பன்றி. இவற்றோடு காண்டாமிருகம்! உயர்ந்த புல்லும் சேறும் வேண்டுகிற விலங்கு அது. அன்றைய லாங்நஜ் இன்றைவிட ஈரமாக இருந்திருக்க வேண்டும். அந்த விலங்கின் தோள்பட்டை எலும்பு ஒன்றில் வெட்டுப் பள்ளங்கள் தெரிந்தன. கல்லுடைக்கும்போது அடியில் வைக்கும் பட்டடையாக அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். மணல்வெளியில் நல்ல கல் கிடைக்காது. அகேட், சால்செடனி போன்ற கற்களை ஆற்றுப்படுகைகளிலிருந்து சுமந்துவர வேண்டும். அதனால்தானோ என்னவோ, கையில் கிடைத்த எலும்பையும் வீணாக்காமல் கருவியாக்கினார்கள். உடைத்தெடுத்த சில்லுகள் விரல் நகம் அளவுதான். பல சில்லுகளை ஒரு தண்டில் பதித்தால் கூரிய ஆயுதம் தயார்.

இறந்தவர்களை வாழ்ந்த இடத்திலேயே, முழங்காலை மடக்கிப் புதைத்தார்கள். பதினான்கு எலும்புக்கூடுகள் கிடைத்துள்ளன. போகிற போக்கில் தங்கிய கூட்டம் இப்படிச் செய்யாது. திரும்பத் திரும்ப வந்து, இது நம் இடம் என்று உரிமை கொண்டவர்களே செய்வார்கள் என்பது என் எண்ணம்.

மேலடுக்கில் ஒரு செப்புக் கத்தி கிடைத்ததுதான் என்னை மிகவும் யோசிக்க வைக்கிறது. செம்பை உருக்கும் உலை அங்கே இல்லை. கடற்சிப்பி மணிகளும் வெளியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். அந்த அடுக்கின் கரிமக் கணிப்பு ஏறத்தாழ கி.மு. 2000. ஹரப்பா நகரமான லோத்தல், தெற்கே நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். வேட்டைக்காரர்களும் நகரத்தாரும் ஒரே காலத்தில் பண்டமாற்று செய்து வாழ்ந்தார்கள் என்று கிரிகரி பாஸெல், கென்னத் கென்னடி என்ற அறிஞர்கள் 1979-ல் எழுதினார்கள். நம் பாடப்புத்தகங்களோ வேட்டைக்காரரை முதல் பக்கத்தோடு அனுப்பிவிட்டு, அடுத்த பக்கத்தில் உழவரைக் கொண்டுவருகின்றன. அது தவறு.

லாங்நஜ் மணலை ஆராய்ந்த மண்ணியல் அறிஞர் ஸாய்னர், பின்னாளில் பிரிட்ஜெட் ஆல்ச்சினுடன் நம் திருநெல்வேலிச் சீமையின் தேரிகளையும், அதாவது செந்நிற மணல்மேடுகளையும், ஆராய்ந்தார். அங்கும் இதேபோன்ற சிறு கற்கருவிகள் உண்டு. அடுத்த வாரம் அந்தத் தேரிகள் உள்ள சாயர்புரம் பக்கம் போவோம்.