செங்கை மாவட்டத்து ஆடவர் கல்வி

மேடவாக்கம் அடங்கியிருந்த பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். அவர் பயின்ற கோயம்புத்தூர்க் கலாசாலையில் ஏறத்தாழ 400 மாணவருள் பத்துப்பேர் நீங்கலாக ஏனையோர் பிராமணர். தம் சாதி வெளிப்படுமோ என்றஞ்சி விளையாட்டில் கலவாமல், மணி அடித்த பின்னரே வகுப்பில் நுழைந்ததாக 1939இல் வெளிவந்த தம் வரலாற்றில் அவர் குறித்துள்ளார். எந்தத் தகுதிச் சான்றிதழிலும் இவ்வச்சம் பதிவாவதில்லை.

ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்கென ஆல்காட் அடையாற்றில் பள்ளி தொடங்கியது 1894இல். சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்திற்குப் பெயர்ந்தது 1937இல்; மேடவாக்கத்திலிருந்து மிதிவண்டித் தொலைவுதான்! எனினும், பள்ளியிறுதித் தேர்வை எட்டாத உழவுக்கூலியின் மகனுக்கு அக்கல்லூரியால் ஆவதென்ன? அவனைப் பள்ளிக்கு ஈர்த்ததில் 1956இல் காமராசர் ஆட்சி கொணர்ந்த மதிய உணவுக்குப் பெரும்பங்குண்டு.

2011 கணக்கெடுப்பின்படி தமிழக ஆடவருள் எழுத்தறிந்தோர் 86.77 விழுக்காட்டினர். எழுதப் படிக்கத் தெரிந்த அனைவரும் அதில் அடக்கம். யார் எந்த வகுப்போடு நின்றார் என்பதை அவ்வெண் காட்டாது.