பண்டைய கெல்ட்டியரின் உடை

கெல்ட்டியர் எனப்படுவோர், கி.மு. முதலாம் ஆயிரத்தாண்டில் நடு ஐரோப்பாவிலும் பிரான்சு, பிரித்தானியா, அயர்லாந்து முதலிய பகுதிகளிலும் வாழ்ந்து, தம்முள் தொடர்புடைய மொழிகளைப் பேசிய பல குடிகள் ஆவர். ஒரே அரசின்கீழ் வாழாத இவர்களுக்குப் பொதுவான சீருடை எதுவும் இருந்ததில்லை. கம்பளி நெசவில் கொண்டிருந்த தேர்ச்சியும் வண்ணத்தின்மேல் கொண்டிருந்த விருப்பமுமே இவர்களின் உடைகளை ஒன்றுபடுத்திக் காட்டுகின்றன.

மண்ணில் புதைந்த துணி விரைவில் மட்கிவிடும் என்பதால், ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் உப்புச் சுரங்கங்களில் கிடைத்த கந்தல்கள் அளவிடற்கரிய மதிப்புடையவை. சுரங்கத் தொழிலாளர் பயன்படுத்தி எறிந்த அத்துண்டுகளை உப்பு காத்ததால், இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அவற்றின் இழையும் நிறமும் எஞ்சியுள்ளன. ஊடிழை ஒவ்வொரு வரிசையிலும் ஓரிழை தள்ளிச் செல்வதால் துணியில் சாய்ந்த வரிகள் தோன்றும் சாய்வரி நெசவு இவற்றில் மிகுதியாகக் காணப்படுகிறது. வலப்புறம் முறுக்கிய நூலையும் இடப்புறம் முறுக்கிய நூலையும் மாறிமாறிப் பாவில் நிறுத்தி, சாயமே இன்றி ஒளி படும் விதத்தால் மட்டும் கோடுகள் தெரியுமாறு நெய்த துண்டுகளும் உள்ளன. இத்தகைய நுட்பம் கைவரப் பெற்றவர்களை நாகரிகமற்றோர் என ஒதுக்கிய பழைய கருத்து ஏற்கத்தக்கதன்று. நீல நிறம் வோட் என்னும் செடியின் இலையிலிருந்து எடுக்கப்பட்டது. இந்தியாவின் அவுரியில் உள்ள சாயப்பொருளும் அதுவே.

ஆடவர் உடையைப் பற்றிக் கிரேக்க நூலாசிரியர்கள் விரிவாகவே எழுதியுள்ளனர். பல வண்ணச் சட்டையும், பிராக்கே எனப்பட்ட காற்சட்டையும், குளிர்காலத்தில் தடித்தும் கோடையில் மெலிந்தும் அமைந்த கட்டமிட்ட போர்வையும் பிரான்சுப் பகுதிக் கெல்ட்டியரான காலியரின் உடைகள் என்று கி.மு. முதலாம் நூற்றாண்டினரான டியோடோரஸ் குறிப்பிடுகிறார். கி.மு. 225இல் ரோமானியருக்கு எதிராக நிகழ்ந்த டெலமோன் போரில் சில கெல்ட்டியக் குடியினர் காற்சட்டையும் மெல்லிய போர்வையும் அணிந்து நிற்க, கேசாட்டே எனப்பட்ட கெல்ட்டிய வீரர்கள் ஆடையின்றி முன்னணியில் போரிட்டதாகப் பாலிபியஸ் பதிவு செய்துள்ளார். இன்று ஸ்காட்லாந்தின் அடையாளமாக விளங்கும் கில்ட் என்னும் மடிப்புப் பாவாடை இக்காலத்துக்கு உரியதன்று. அதன் முன்வடிவமே கி.பி. 16ஆம் நூற்றாண்டில்தான் தோன்றியது.

மகளிர் உடைக்குச் சிறந்த சான்று, ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் கிடைத்த கி.பி. முதலாம் நூற்றாண்டுக் கல்லறைச் சிற்பமாகும். படகோட்டியான புளூஸ்ஸஸின் அருகே அமர்ந்துள்ள அவர் மனைவி மெனிமானே, உள்ளங்கிக்கு மேல் தோள்களில் ஊசிகளால் பிணைத்த நீண்ட மேலாடையை அணிந்துள்ளார். பொத்தான் வழக்கில் இல்லாத அக்காலத்தில் உடையைத் தாங்கியவை பிபுலா எனப்படும் இவ்வில்லூசிகளே. இவற்றின் வடிவம் தலைமுறைதோறும் மாறியதால், தொல்லியலாளர் கல்லறைகளின் காலத்தைக் கணிக்க இவற்றையே பெரிதும் சார்ந்துள்ளனர்.

உயர்குடியினரின் கழுத்தில் டார்க் என்னும் வளையம், காறையைப் போல விறைப்பாக அமைந்திருந்தது. இங்கிலாந்தின் ஸ்நெட்டிஷாமில் கிடைத்த பெரிய டார்க், எட்டெட்டாக முறுக்கிய 64 கம்பிகளால் ஆகி, ஒரு கிலோவுக்குச் சற்று மிகுந்த எடையுடையது. ஜெர்மனியின் ஹோக்டோர்ஃப் கல்லறையில் கி.மு. 530 அளவில் அடக்கம் செய்யப்பட்ட தலைவரின் காலணிகளும் பொற்றகடு போர்த்தப்பட்டிருந்தன.

ரோமானியர் வென்றபின்னும் கெல்ட்டியரின் உடை மறைந்துவிடவில்லை. மாறாக வென்ற ரோமானியரிடையே பரவியது. கி.பி. 211 முதல் 217 வரை தனியாட்சி செய்த பேரரசர் கரகல்லாவுக்கு அப்பெயர் அமைந்ததே அவர் விரும்பி அணிந்த காலிய மேலங்கியால்தான். காற்சட்டையோ படைவீரரிடமிருந்து நகரத்தாரிடம் பரவி, 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரோம் நகருக்குள் அதனை அணியக் கூடாதெனப் பேரரசர் ஹொனோரியஸ் பெயரால் சட்டம் இயற்றும் அளவுக்கு வேரூன்றியிருந்தது.