வீட்டருகே ஆலை: திண்டுக்கல் தோல் கழிவு வழக்கும் பட்டா இல்லாதவரின் இழப்பும்

வீட்டருகே தொழிற்சாலை அமைவதை எதிர்க்கும் மக்களுக்கு எல்லோரும் சொல்லும் அறிவுரை ‘வழக்குப் போடுங்கள்’ என்பதே. எந்தக் கட்டத்தில், எந்த மன்றத்தில், எந்தச் சான்றோடு என்று சொல்வோர் குறைவு. திண்டுக்கல் மாவட்டம் இக்கேள்விகளுக்கான விடையைத் தன் நிலத்தடி நீரை இழந்து கற்றுக்கொண்டது. திண்டுக்கல் நகரைச் சுற்றியிருந்த தோல் ஷாப்புகளின் கழிவும் அதை எதிர்த்த மக்களின் துயரும் இந்திய உச்ச நீதிமன்றத்தின் புகழ்பெற்ற சுற்றுச்சூழல் தீர்ப்பு ஒன்றில் பதிவாகியுள்ளன. அத்தீர்ப்பை முதலில் விளக்கி, நிலமற்ற தலித் குடும்பங்கள் இழப்பீட்டுக் கணக்கிலிருந்து எவ்வாறு விடுபடுகின்றன என்பதை அடுத்துக் காட்டி, பழனி வட்டத்துக் கீரனூர் போன்ற ஓர் ஊரில் இன்று ஆலை வருமானால் என்ன செய்யலாம் என்பதை இங்கே வரிசைப்படுத்துகிறோம்.

1996 தீர்ப்பு சொன்னது

‘வேலூர் குடிமக்கள் நல மன்றம் எதிர் இந்திய ஒன்றியம்’ என்ற பொதுநல வழக்கு 1991இல் உச்ச நீதிமன்றத்தில் தாக்கலானது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பளித்தது. வழக்கின் பெயரில் வேலூர் இருந்தாலும் தீர்ப்பு ஐந்து மாவட்டங்களைத் தழுவியது. அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டம் அவற்றுள் ஒன்று. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு நடத்திய கணக்கெடுப்பைத் தீர்ப்பு எடுத்தாள்கிறது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 மாசடைந்திருந்தன என்பது அதன் முடிவு. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்பதையும், தோல் ஆலைகள் மிகுந்த பகுதிகளில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாததாகிவிட்டது என்பதையும் தீர்ப்பு பதிவு செய்கிறது.

இவ்வழக்கில் மூன்று கோட்பாடுகள் இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்கப்பட்டன. கேடு நேரும் எனத் தெரிந்தால் அறிவியல் உறுதிப்பாட்டுக்குக் காத்திராமல் தடுக்க வேண்டும் என்பது முன்னெச்சரிக்கைக் கோட்பாடு. மாசுபடுத்தியவரே பாதிக்கப்பட்டோருக்கும் இயற்கைக்கும் ஈடு செய்ய வேண்டும் என்பது இரண்டாவது. தன் செயல் தீங்கற்றது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவரையே சாரும் என்பது மூன்றாவது. எதிர்ப்பாளரைப் பார்த்து ‘மாசு வரும் என்பதற்கு ஆதாரம் எங்கே?’ என்று அதிகாரி கேட்கும்போது இந்த மூன்றாம் கோட்பாட்டை எழுத்தில் நினைவூட்டலாம்.

தீர்ப்பின்படி ஒவ்வொரு தோல் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. சேதத்தைக் கணக்கிட்டு ஈடு வழங்க, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியின் தலைமையில் சூழலியல் இழப்பீட்டு ஆணையமும், இத்தகைய வழக்குகளை விசாரிக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வும் உருவாயின.

மண்ணுக்குள் நிகழ்வது

தோல் ஆலைக்கு வரும் பச்சைத் தோல் உப்பில் ஊறியது. அதைக் கழுவும்போது வெளியேறும் உப்பும், பதனிடும்போது சேரும் குரோமியமும் நீரில் கலக்கின்றன. குரோமியத்தை வேதிமுறையில் படியவைத்துப் பிரிக்க இயலும். கரைந்த உப்போ சாதாரணச் சுத்திகரிப்பில் நீங்குவதில்லை. அது நிலத்தடி நீரோடு நகர்கிறது. ஹைதராபாத்திலுள்ள தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவன ஆய்வாளர்கள் குடகனாற்றின் மேல்படுகையை, அதாவது 80க்கும் மேற்பட்ட தோல் ஆலைகள் இயங்கிய திண்டுக்கல் பகுதியை, கணினி மாதிரியால் ஆராய்ந்தனர். மாசின் வரத்தைப் பாதியாகக் குறைத்தாலும் 20 ஆண்டுகளுக்குப் பின்னும் நிலத்தடி நீரிலுள்ள கரைந்த உப்பின் அளவு பாதிக்குக் கீழ் இறங்காது என்பது அவர்களின் கணிப்பு.

ஆலை இயங்கத் தொடங்கியபின் பெறும் வெற்றி பணமாகக் கிடைக்கலாம், நீர் திரும்புவதில்லை. ஆகவே போராட்டத்தின் முதன்மைக் களம் ஆலை வருவதற்கு முந்தைய மாதங்களே.

பட்டா இல்லாதவரின் இழப்பு

பணமாக வரும் வெற்றியும் எல்லோருக்கும் வருவதில்லை. சூழலியல் இழப்பீட்டு ஆணையம் 2001இல் வேலூர் மாவட்டத்துக்கு அளித்த தீர்வத்தில் 29,193 பேருக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய் கணக்கிடப்பட்டது. பாழான விளைநிலத்தின் பரப்பே அதன் அளவுகோல். அந்த இழப்பீட்டை முறையாகப் பெற்றுத்தரவும் தொடரும் மாசைத் தடுக்கவும் உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 30 அன்று மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகள் கடந்துவிட்டன.

இந்த அளவுகோலில் யார் தெரிகிறார், யார் மறைகிறார் என்பதைப் பார்ப்போம். பட்டாதாரரின் இழப்பு ஹெக்டேரில் தெரியும். கிணறு உடையவரின் இழப்பு கிணற்றுக் கணக்கில் தெரியும். அதே நிலத்தில் களை எடுத்து, கதிர் அறுத்துக் கூலி பெற்ற தலித் பெண்ணின் இழப்பு எந்தப் பதிவேட்டிலும் இல்லை. காலனியின் அடிபம்பு கைத்தபோது அவர் எவ்வளவு தூரம் குடம் சுமந்தார் என்பதற்கும் ஆவணம் இல்லை. நிலம் தரிசானால் உரிமையாளருக்கு நிலமாவது மிஞ்சும். கூலிக்காரருக்கு வேலைநாள் போய்விடும்.

பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், 2010 இதைச் சரிசெய்ய இடமளிக்கிறது. அதன் இரண்டாம் அட்டவணை உடல்நலக்கேடு, மருத்துவச் செலவு, ஊதிய இழப்பு ஆகியவற்றையும் இழப்பீட்டுத் தலைப்புகளாக ஏற்கிறது. அத்தலைப்புகளில் கோர ஆவணம் தேவை. அந்த ஆவணத்தை உருவாக்குவதே காலனிகளின் முதல் வேலை.

ஆலை வருமுன்: கட்டங்கள்

*நிலம்.* ஆலைக்கு வாங்கப்பட்ட சர்வே எண்ணின் ‘அ’ பதிவேட்டையும் பழைய நிலப்பதிவையும் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுப் பெறுக. 1892 அரசாணையின் வழி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒப்படைக்கப்பட்ட பஞ்சமி நிலமாகவோ பிற நிபந்தனைப் பட்டா நிலமாகவோ அது இருந்தால், நிபந்தனையை மீறிய விற்பனையே கேள்விக்குள்ளாகும்.

*தூரம்.* 1989ஆம் ஆண்டின் அரசாணை 213, பட்டியலிடப்பட்ட நீர்நிலைகளிலிருந்து 1 கி.மீ.க்குள் மிகையாக மாசுபடுத்தும் ஆலைகளைத் தடை செய்தது. காவிரி, அதன் துணையாறுகள் உள்ளிட்ட ஆறுகளுக்கு 1998ஆம் ஆண்டின் அரசாணை 127 இத்தூரத்தை 5 கி.மீ. ஆக்கியது. பழனி மலையில் பிறக்கும் சண்முகநதி அமராவதியில் கலக்கிறது. அமராவதி காவிரியின் துணையாறு. பின்வந்த திருத்தங்களோடு சேர்த்து இவ்வாணைகளைப் படித்து, தூரத்தை வரைபடத்தில் குறித்துக்கொள்க. குடியிருப்புக்கும் ஆலைக்கும் உள்ள தூரத்தை ‘ஊர்’ எல்லையிலிருந்து அளந்து அறிக்கை தந்தால், காலனியின் கடைசி வீட்டிலிருந்து மறுபடி அளக்கக் கோருக.

*உள்ளாட்சி.* ஊராட்சிப் பகுதியில் ஆலை கட்டவும் இயந்திரம் நிறுவவும் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994இன் 160ஆம் பிரிவின்படி அனுமதி வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களின் கிராமசபையில் தீர்மானம் நிறைவேற்றலாம். கீரனூர் பேரூராட்சியாதலால் அங்கே கிராமசபை இல்லை. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான 2022ஆம் ஆண்டு விதிகளின் பகுதி சபையும், மன்ற உறுப்பினர் வழியே மன்றத் தீர்மானமும் அங்குள்ள வழிகள். ஆலை பக்கத்து ஊராட்சியில் அமைந்து கழிவு மட்டும் பேரூராட்சிக் காலனிக்கு வருமானால் இரண்டு அமைப்புகளிலும் மனு தர வேண்டும்.

*இசைவாணை.* நீர்ச் சட்டம், 1974இன் 25ஆம் பிரிவின்படியும் காற்றுச் சட்டம், 1981இன் 21ஆம் பிரிவின்படியும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிறுவுவதற்கான இசைவாணையும் இயக்குவதற்கான இசைவாணையும் தனித்தனியே தேவை. நிபந்தனைகள் அடங்கிய பதிவேட்டைப் பாதிக்கப்படுவோர் எவரும் பார்வையிடலாம் என்று 25(6) பிரிவு கூறுகிறது. தகவல் உரிமை மனுவின் பதிலுக்கு 30 நாள் காத்திராமல் நேரில் சென்று இதைக் கேட்கலாம். இசைவாணைக்கு எதிரான மேல்முறையீட்டுக் காலம் 30 நாள். ஒற்றைச் சாளர முறையில் அனுமதிகள் விரைந்து வழங்கப்படும் இந்நாளில், ஆட்சேப மனுவை ‘செய்தி கேள்விப்பட்ட’ அன்றே கொடுத்து ஒப்புகை பெறுவது நன்று.

*கருத்துக்கேட்பு.* 2006 செப்டம்பர் 14ஆம் நாளின் அறிவிக்கையில் அடங்கும் ஆலைகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். பொதுக் கருத்துக்கேட்புக்கு 30 நாளுக்குக் குறையாத முன்னறிவிப்பு, தமிழில் அறிக்கைச் சுருக்கம், முழு நிகழ்வின் ஒளிப்பதிவு, நடவடிக்கைக் குறிப்பைக் கூட்டத்திலேயே தமிழில் வாசித்தல் ஆகியவை கட்டாயம். அக்கூட்டத்துக்குக் குறைந்தபட்ச வருகை என்ற விதி இல்லை. புறக்கணித்தால் ‘எதிர்ப்பில்லை’ என்று பதிவாகும் ஆபத்து உண்டு. கூட்ட இடம் ஆதிக்கச் சாதித் தெருவின் மண்டபமாக இருந்தால், இடத்தை மாற்றக் கோரி முன்கூட்டியே ஆட்சியருக்கு எழுதுக.

ஆலை இயங்கத் தொடங்கிவிட்டால்

சுற்றுச்சூழல் அனுமதிக்கு எதிராகச் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். சூழல் சார்ந்த தாவாவுக்கு 6 மாதம், இழப்பீட்டுக்கு 5 ஆண்டு கால அளவு. போதிய காரணம் காட்டினால் இம்மூன்றிலும் 60 நாள் வரை கூடுதலாகக் கிடைக்கும். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிப்பேராணை மனுவும் தாக்கல் செய்யலாம். பட்டியல் சாதியினருக்கு வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உதவி தரச் சட்டப்பணிகள் ஆணையம் கடமைப்பட்டுள்ளது. 1987 சட்டத்தின் 12ஆம் பிரிவு அதற்கு ஆதாரம்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989ஐயும் மறக்க வேண்டாம். பட்டியல் சாதியினர் வழக்கமாகப் பயன்படுத்தும் ஊற்று, நீர்த்தேக்கம் அல்லது வேறு நீராதாரத்தைக் கெடுத்து, அதன் பயன் குறையச் செய்வது, 2015 திருத்தத்துக்குப் பின் 3(1) பிரிவின் ‘எக்ஸ்’ உட்கூறின்கீழ் குற்றம். தண்டனை 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை. ஆலைக் கழிவுக்கு இப்பிரிவைக் காவல்துறை எடுப்பது அரிது. குற்றவாளி பட்டியல் சாதியினர், பழங்குடியினர் அல்லாதவர் என்பதையும், இன்னாரின் செயலால் இந்நீர் கெட்டது என்பதையும் நிறுவ வேண்டியிருக்கும். அதனால் புகாரில் ‘காலனியின் குடிநீர் ஆதாரம் இது’ என்பதை ஆவணத்தோடு எழுதுவது இன்றியமையாதது.

தொழிலாளரை எதிரே நிறுத்தாமல்

தோலும் கழிவும் சாதியால் தலித்துகள் மீது சுமத்தப்பட்ட வேலைகள். ஆலைக்குள் பணியாற்றுபவரும் ஆலைக் கழிவைக் குடிப்பவரும் பல சமயம் ஒரே குடும்பம். ‘ஆலையை மூடினால் உங்கள் பிள்ளைகளுக்குத்தான் வேலை போகும்’ என்ற வாதம் அக்குடும்பத்தை இரண்டாகப் பிளக்கவே வைக்கப்படுகிறது. 1996 டிசம்பர் 19 அன்று கல்கத்தா தோல் ஆலைகள் வழக்கில் ஆலைகளை இடம்பெயர்க்க ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், தொழிலாளரின் பணித்தொடர்ச்சியையும் ஊதியத்தையும் காக்கும் நெறிகளையும் சேர்த்தே வகுத்தது. நம் மனுக்களிலும் ஊதியப் பாதுகாப்பு ஒரு கோரிக்கையாக இடம்பெற வேண்டும்.

இன்றே தொடங்க வேண்டிய பதிவேடு

ஆலை வருமுன் காலனியின் நீர் எப்படி இருந்தது என்பதற்குச் சான்று இல்லையெனில், ‘இந்நீர் முன்பே உப்புதான்’ என்று எதிர்த்தரப்பு சொல்லும். ஆகவே தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் ஒவ்வொரு அடிபம்பு, ஆழ்துளைக் கிணறு, மேல்நிலைத் தொட்டியின் நீரையும் சோதித்து அறிக்கை பெறுக. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கவை; மாற்று ஆதாரம் இல்லாதபோது 2,000 வரை அனுமதி. குரோமியம் 0.05 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. கூடவே ஒரு நோட்டில் வீட்டுவாரியாக வேலைநாள், கூலி, தண்ணீர் எடுக்கும் இடம், நோய், மருத்துவச் செலவு ஆகியவற்றை மாதந்தோறும் எழுதி, குடும்பத்தாரின் கையொப்பம் பெற்று வைக்க வேண்டும். கல்லூரி மாணவர்கள் ஒரு விடுமுறையில் செய்துமுடிக்கக்கூடிய பணி இது.

பட்டா உள்ளவருக்கு அரசே பதிவேடு வைத்திருக்கிறது. பட்டா இல்லாதவர் தம் பதிவேட்டைத் தாமே எழுத வேண்டியிருக்கிறது. இது அநீதி, அதற்கு எதிரான போராட்டம் தனியே தொடரட்டும். ஆனால் அந்த நோட்டு இன்று தொடங்கப்படாவிட்டால், நாளை நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்பளித்தாலும் இழப்பீட்டுப் பட்டியலில் காலனியின் பெயர் இராது.