செயல்வழிக் கற்றல்

செயல்வழிக் கற்றல் என்பது தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 1 முதல் 4 வரையிலான வகுப்புகளில் பின்பற்றப்பட்ட கற்பித்தல் முறை ஆகும். பாடநூலை வரிசையாக நடத்துவதற்குப் பதிலாக, அட்டைகளின் துணையோடு ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் கற்பது இதன் அடிப்படை. இம்முறை வகுப்பறைச் சூழலை மாற்றியது. ஆசிரியரின் திறன் எதைக் கொண்டு அளக்கப்பட வேண்டும் என்ற கேள்வியையும் எழுப்பியது.

தோற்றமும் பரவலும்

ஆந்திரப் பிரதேசத்தில் மதனப்பள்ளிக்கு அருகேயுள்ள ரிஷிவேலிப் பள்ளி, கிராமங்களின் ஓராசிரியர் பள்ளிகளுக்காக உருவாக்கிய முறையே இதற்கு முன்னோடி. 2003 இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமார் மாநகராட்சி ஆசிரியர்களை அங்கு பயிற்சிக்கு அனுப்பினார். முதலில் 13 பள்ளிகளில் தொடங்கிய இம்முறை, பின்னர் மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது.

தாம்பரம், பல்லாவரம் முதலிய தென்புறநகர்ப் பகுதிகள் அப்போது மாநகராட்சி எல்லைக்கு வெளியே, காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தன. (தாம்பரம் 2021 இல் தனி மாநகராட்சி ஆனது.) ஆகவே இங்குள்ள நகராட்சி, ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளுக்கு, அனைவருக்கும் கல்வி இயக்கம் 2007-08 இல் மாநிலம் முழுவதும் நடைமுறைப்படுத்தியபோதே இம்முறை முழுமையாக வந்து சேர்ந்தது.

வகுப்பறைச் சூழல்

ஆசிரியர் நாற்காலியை விட்டுக் குழந்தைகளோடு பாயில் அமர்ந்தார். சுவரின் அடிப்பகுதியில் குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை அமைக்கப்பட்டு, ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. குழந்தைகளின் படைப்புகள் தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் தொங்கின. வருகையைக் குழந்தைகளே பதிந்தனர்.

ஒவ்வொரு பாடமும் ஏணிப்படியாக வரையப்பட்டு, படிகள் மைல்கற்களாகப் பிரிக்கப்பட்டன. ஆசிரியரின் முழு உதவியுடன் கற்போர் முதல் தாமே கற்போர், மதிப்பீட்டில் இருப்போர் வரை ஆறு குழுக்கள் இருந்தன. தேர்வு ஏணிக்குள்ளேயே அடங்கியதால் தனித் தேர்வுநாள் இல்லை. பல நாள் பள்ளிக்கு வராத குழந்தை, திரும்பி வந்ததும் விட்ட படியிலிருந்தே தொடரலாம். வேலைக்காக இடம்பெயரும் கட்டடத் தொழிலாளர் குடும்பங்கள் மிகுந்த புறநகரில் இது சிறிய வசதியன்று.

ஆசிரியர் திறனும் கண்காணிப்பும்

முன்பு பாடப்பகுதியைக் குறித்த காலத்தில் முடிப்பதே ஆசிரியரின் திறனாகக் கொள்ளப்பட்டது. இம்முறையில் எந்தக் குழந்தை எந்தப் படியில் நிற்கிறது, ஏன் நிற்கிறது என்பதை அறிவதே திறன் ஆயிற்று. வட்டார வள மையங்களின் ஆசிரியப் பயிற்றுநர்கள் பள்ளிகளுக்குச் சென்று உதவ வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் உதவிக்கும் ஆய்வுக்கும் இடையிலான கோடு மெல்லியது. அட்டைகள் அடுக்கில் உள்ளனவா, அட்டவணை நிரப்பப்பட்டுள்ளதா என்று பார்ப்பது எளிது. குழந்தை வாசிக்கிறதா என்று அருகில் அமர்ந்து கேட்பதற்கு நேரம் வேண்டும்.

விமர்சனங்கள்

பல வகுப்புக் குழந்தைகளை ஒரே அறையில் அமர்த்தியது, ஒரே ஆசிரியர் ஆறு குழுக்களையும் கவனிக்க இயலாமை, அட்டைகள் கிழிந்தும் தொலைந்தும் போவது ஆகியன குறைகளாகச் சுட்டப்பட்டன. பாடநூலும் வீட்டுப்பாடமும் இல்லாத படிப்பைப் பெற்றோர் பலர் படிப்பாகவே ஏற்கவில்லை.

பிந்தைய நிலை

2022 இல் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டம், குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைகளாகப் பிரித்து, செயல்பாடுகள் வழியாகக் கற்பிக்கிறது. ஆசிரியர் திறனை உறுதிசெய்யும் வழியோ வேறு திசையில் சென்றது. தமிழ்நாட்டில் 2012 முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு நடத்தப்படுகிறது. தாள் ஒன்றுக்கு 150 கொள்குறி வினாக்கள். ஓய்வுக்கு ஐந்தாண்டுகளுக்கு மேல் உள்ள, ஏற்கனவே பணியிலிருக்கும் ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுகளுக்குள் இத்தேர்வில் தேற வேண்டும் என 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாயில் அமர்ந்து கற்பித்த அனுபவத்தை அளக்கும் வினா இத்தேர்வில் இல்லை.